கண்ணோரத்தில் எத்தனை முடி?

சென்ற இதழில், வட அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி ஓடும் தரை வண்டுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். "நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், கண்ணோரத்தில் எத்தனை முடி என்று எண்ணுங்கள்" என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. கடிதம் என்றால் படத்தோடு. படம் என்றால், பாதிக்கு மேல், சிமெண்டுத் தரையில் ஒரு கருப்புப் புள்ளி, அதன் கீழே "இது என்ன வண்டு, உடனே சொல்லவும்". அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் இந்தக் குடும்பத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் சிற்றினங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கருப்பு அல்லது பழுப்பு, ஏகப்பட்டவை ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆகவே உடனே சொல்ல முடியாது. முடிந்த வரைக்கும் சொல்கிறேன்.

"எங்கட பின்வளவிலை வெங்காயப் பாத்தி கிண்டேக்கை, எள்ளு அளவிலை கறுப்பா ஒரு வண்டு விறுவிறெண்டு ஓடுது. முதுகிலை நாலு மஞ்சள் பொட்டு. மகள் லேடிபக் எண்டு சொல்லுறா, எனக்கு நம்பிக்கை இல்லை. வெங்காயத்துக்குக் கேடோ?" — ஸ்கார்பரோ வாசகி

உங்கள் சந்தேகம்தான் சரி அக்கா. லேடிபக் இப்படி ஓடாது, அது உருண்டையாக, கால் தெரியாமல், நிதானமாக நகரும். நீங்கள் பார்த்தது பெம்பிடியான் என்ற பேரினத்தைச் சேர்ந்தது, அதிலும் பெம்பிடியான் குவாட்ரிமாகுலேட்டம் என்றே சொல்லிவிடலாம். அந்த நீளப் பெயருக்கு 'நாலு பொட்டுக்காரன்' என்றுதான் அர்த்தம். மூன்று மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும். தோள்பக்கத்துப் பொட்டு இரண்டும் பெரியது, பின்பக்கத்துப் பொட்டு இரண்டும் சின்னது, தலையில் வெளிச்சம் பட்டால் ஒரு உலோக மினுக்கு. தரை வண்டுகளில் பல இரவில்தான் வெளியே வரும், இது பட்டப்பகலில் வெறும் மண்ணில் ஓடும், அதனால்தான் உங்கள் கண்ணில் பட்டது.

வெங்காயத்துக்குக் கேடா என்றால், நேர் எதிர். வெங்காய ஈ என்று ஒன்று, தாளின் அடியில் மண்ணோடு மண்ணாக முட்டையிட்டுப் போகும், அந்தப் புழுதான் வெங்காயத்தைக் குடைந்து அழுக வைப்பது. அந்த முட்டைகளைத் தேடித் தின்கிறவர்களில் இந்த நாலு பொட்டுக்காரனும் ஒருவன். மருந்து அடித்தால் முதலில் சாவது இவன்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெம்பிடியான்தானா என்று உறுதி செய்ய ஒரு வழி சொல்கிறேன். பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டி உணர்கால்கள் தொங்கிக்கொண்டு எப்போதும் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் கடைசிக்கு முந்தைய கணு பென்சில் மாதிரித் தடித்திருக்கும், கடைசிக் கணு அந்தப் பென்சிலின் கூர்முனை மாதிரி, ஊசியாய், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு சின்னதாக இருக்கும். இந்தப் பென்சில் முனை தெரிந்துவிட்டால் தேடும் வட்டம் பாதிக்குமேல் சுருங்கிவிடும். ஆனால் பென்சில் முனை இதன் பங்காளிகளான டாக்கிஸ் கூட்டத்துக்கும் உண்டு. அவை இன்னும் பொடி, பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள். அவற்றின் முதுகில் நடுக்கோட்டை ஒட்டி ஓடும் பள்ளக்கோடு, வால்பக்கம் போய்ச் சேர்ந்ததும் கொண்டை ஊசி வளைவு போட்டு மறுபடி மேலே திரும்பும். பெம்பிடியானில் அந்தக் கோடு திரும்பாது.

வட அமெரிக்காவில் பெம்பிடியான் மட்டும் சுமார் 250 சிற்றினங்கள். உலகம் முழுக்க எடுத்தால் 1,200க்கு மேல். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மேடிசன் இந்த ஒரே கூட்டத்துக்காகப் பல வருடங்களைக் கொடுத்திருக்கிறார், இன்னும் புதுசு புதுசாக வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் பொட்டுக்காரனைப் போலத் தோட்டத்துக்கு வருவது கொஞ்சம்தான், மீதிப் பெரும்பாலும் ஆற்றங்கரை, ஓடைக்கரை வாசிகள். பார்க்க ஆசையாக இருந்தால் மே, ஜூனில் ஏதாவது ஒரு ஓடைக்குப் போய், கூழாங்கல் கரையில் தண்ணீர் விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து, ஒரு குவளை தண்ணீரைக் கற்களின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் கல்லுக்குக் கல் இடுக்கிலிருந்து கிளம்பி ஓடும் பாருங்கள், மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

"நியூ ஜெர்சியில் பூச்செடி மேல் தகதகவென்று பச்சையாக ஒரு வண்டு. சின்ன வயதில் தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டின் குட்டியோ?" — எடிசன் வாசகர்

இரண்டு விஷயம். ஒன்று, பொன்வண்டு வேறு குடும்பம், அது மரத்தைச் சேர்ந்தது, தரை வண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு, குட்டி வண்டு என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. வண்டின் குட்டி என்பது புழு. புழு கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து வெளியே வந்த நாளில் வண்டு எந்த அளவோ, சாகிற வரை அதே அளவுதான். புழுவாக இருந்தபோது தின்றதைப் பொறுத்து ஒரு சுற்று முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அஞ்சு மில்லிமீட்டர் வண்டு ஒன்றைப் பார்த்து "இது பெரிதானால் அதுவாக ஆகும்" என்று யோசிக்கவே வேண்டாம். அளவைத் தைரியமாக நம்பலாம், அதனால்தான் எல்லோரையும் அளந்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறேன்.

உங்கள் படத்தைப் பார்த்தால் லெபியா மாதிரி இருக்கிறது, பச்சை என்பதால் லெபியா விரிடிஸாக இருக்கலாம். தரை வண்டுக் குடும்பத்தில் பிறந்தும் தரையில் நிற்காமல் செடி ஏறுகிற கூட்டம் இது. முதுகு ஓட்டின் பின்பக்கம் கூராக முடியாமல் கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளேயிருந்து வயிற்றின் நுனி எட்டிப் பார்க்கும். நகங்களில் சீப்புப் பல் போலப் பல் இருக்கும், அதைப் பார்க்க நல்ல லென்ஸ் வேண்டும். இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், லெபியா கிராண்டிஸ். உருளைக்கிழங்குச் செடியை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டின் முட்டையையும் புழுவையும் இவன் தின்கிறான், இவன் பிள்ளையோ மண்ணுக்குள் போய் அதன் கூட்டுப்புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதையே தின்று வளர்கிறது. குடும்பத்தோடு ஒரே வீட்டுச் சாப்பாடு.

"ஒரே கல்லுக்கு அடியில் ஒன்று கருப்பு, ஒன்று வெளிறிய பழுப்பு. மற்றபடி அச்சு அசல். இரண்டு இனமா?" — பாஸ்டன் வாசகி

ஒரே இனமாகத்தான் இருக்கும். கூட்டிலிருந்து புதிதாக வெளியே வந்த வண்டு வெளிறிப்போய், மெத்தென்று இருக்கும். ஓடு இறுகி நிறம் ஏற நாளாகும். லேசாகத் தொட்டுப் பாருங்கள், பழுப்பு அமுங்கினால் அது பச்சைப்பிள்ளை. நான் இதை வைத்து ஒரு வருடம் முழுக்க "அபூர்வ பழுப்பு அமாரா" (அமாரா என்பது தரை வண்டில் ஒரு பேரினம்) என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"ஃபீனிக்ஸில் எங்கே பார்த்தாலும் கருப்பு வண்டு. எல்லாமே தரை வண்டுதானா?" — அரிசோனா வாசகர்

உங்கள் ஊரில் பார்க்கிற கருப்பு வண்டில் நிறையப் பேர் இருள்வண்டுக் குடும்பத்தார், பாலைவனம் அவர்கள் ராஜ்ஜியம். தொட்டால் பின்பக்கத்தைத் தூக்கித் தலைகீழாக நின்றால் சந்தேகமே வேண்டாம், அது இருள்வண்டு. சின்ன வண்டுகள் அப்படி நின்று காட்டுவதில்லை, அதனால் கால் பாதத்தில் கணுக்களை எண்ணுங்கள். தரை வண்டுக்கு முன்கால், நடுக்கால், பின்கால் எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து. இருள்வண்டுக்கு முதல் நாலு காலில் ஐந்து, பின்கால் இரண்டில் மட்டும் நாலு.

எண்ணப் பொறுமை இல்லையென்றால் மல்லாக்கப் போடுங்கள். தரை வண்டின் பின்னங்கால் தொடை தொடங்கும் இடத்தில், உள்பக்கமாக, மொச்சைக்கொட்டையை ஒட்டவைத்த மாதிரி ஒரு புடைப்புத் தெரியும். அந்தக் கால் உடம்போடு சேருகிற தகடு வயிற்றின் முதல் வளையத்தை நடுவில் இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். இது தரை வண்டுக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களான நீச்சல் வண்டுகளுக்கும் மட்டும் உள்ள அடையாளம். தண்ணீருக்கு வெளியே, நீண்ட கால்களோடு ஓடுகிற வண்டில் இதைப் பார்த்தால் தரை வண்டு என்று எழுதிவிடலாம்.

"முடி, முடி என்கிறீர்களே, எந்த முடி? எதற்கு அது?" — கொலம்பஸ், சான் ஹோசே, கால்கரி வாசகர்கள், தனித்தனியாக

மூன்று பேர் கேட்டுவிட்டதால் விரிவாகவே சொல்கிறேன். வண்டின் உடம்பில் சில இடங்களில் தனித்தனியாக ஒற்றை முடிகள் நிற்கும். அது பூனைமீசை மாதிரி, தொட்டு உணர்வதற்கு. உடம்பெல்லாம் மென்முடி போர்த்த வண்டுகளும் உண்டு, நான் சொல்வது அதை இல்லை. இந்த ஒற்றை முடி ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கும், அந்தக் குழி இருக்கும் இடம் ஒரு கூட்டத்துக்குள் அநேகமாக மாறாது. நிறம் மாறும், அளவு கொஞ்சம் மாறும், மினுக்கு மாறும். முடியின் இடம் மாறுவது அபூர்வம். அதனால்தான் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த வண்டுகளைப் பிரிக்கிறவர்கள் முடியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கண்ணுக்கு மேல், உள்ளோரமாக. பெரும்பாலான தரை வண்டுகளுக்கு ஒரு கண்ணுக்கு இரண்டு முடி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஹார்பாலஸ் கூட்டத்துக்கு ஒன்றே ஒன்று. மேலெல்லாம் மென்முடியும் பச்சை மினுக்கும் வீச்சமும் உள்ள கிளீனியஸுக்கும் ஒன்றுதான், ஆனால் அது அளவில் பெரிசு, பார்த்தாலே தெரியும், குழப்பம் வராது. சின்னதாக, வழவழவென்று, முட்டை வடிவத்தில், பழுப்போ கருப்போ, தோட்டத்துச் செங்கல்லுக்கு அடியில் கிடைத்தால், அமாராவா ஹார்பாலஸ் கூட்டமா என்பதுதான் எப்போதும் சண்டை. இரண்டுமே களை விதை தின்னும், இரண்டுமே ஒரே இடத்தில் இருக்கும். கண்ணோர முடி இந்தச் சண்டையை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும். இரண்டு இருந்தால் அமாரா பக்கம், ஒன்று இருந்தால் ஹார்பாலஸ் பக்கம்.

போன மே மாதம் எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் புரட்டினேன் (நான் இருப்பது ஒஹாயோ). ஐந்து மில்லிமீட்டரில், காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று. பார்த்தவுடன் அமாரா என்று மனசு சொன்னது. சின்ன மருந்துக் குப்பியில் போட்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் பார்த்தேன். முடி தெரியவில்லை. விளக்கைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினேன், ஒரு கோணத்தில் திடீரென்று ஒற்றை முடி வெள்ளிக் கம்பியாக மின்னியது. ஒன்றே ஒன்று. முன்பக்கம் இன்னொன்று இருக்கிறதா என்று பத்து நிமிடம் தேடினேன், குழிகூட இல்லை. அமாரா இல்லை. முதுகு ஓட்டில் பழைய சிடியைச் சாய்த்தால் வருமே, அந்த மாதிரி வானவில் நிறம் லேசாக ஓடியது. அது சாயம் இல்லை, ஓட்டின் மேல் குறுக்கே நெருக்கி நெருக்கிக் கீறிய மெல்லிய கோடுகள் ஒளியைப் பிரிக்கிற வேலை. ஹார்பாலஸ் கூட்டத்துப் பேரினமான ஸ்டெனோலோஃபஸ் பக்கத்து ஆள் என்று முடிவு செய்து, "ஹார்பாலஸ் கூட்டம், சின்னது" என்று நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அதற்குமேல் போக வேண்டுமானால் கொன்று, வாயின் அடிப்பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எனக்கு அன்றைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

கண்ணோரம் இரண்டு என்றால் அடுத்தது தாடை. தாடையின் வெளிப்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு முடி இருந்தால் பெம்பிடியான், டிரெக்கஸ் வகையறா. பென்சில் முனை இருந்தால் பெம்பிடியான், இல்லாமல் சாதாரணக் கூம்பாக இருந்து, நெற்றியில் இரண்டு ஆழமான பள்ளம் கண்ணைச் சுற்றி அரைவட்டமாக வளைந்து போனால் டிரெக்கஸ். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே மறக்காது.

"போனில் படம் எடுத்துப் போட்டால் ஒரு செயலி பெம்பிடியான் என்கிறது. அதே வண்டை இன்னொரு கோணத்தில் எடுத்தால் அமாரா என்கிறது. எதை நம்ப?" — சியாட்டில் வாசகர்

இரண்டையும் நம்ப வேண்டாம். குடும்பம் வரை சொன்னால் கேளுங்கள், பெரிய, அலங்காரமான வண்டு என்றால் பெயரையும் கேளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் பழுப்பு வண்டுக்கு அது முழுப்பெயர் சொன்னால் சிரித்துவிட்டு, கண்ணாடியை எடுங்கள்.

"சரி, படம் எப்படித்தான் எடுப்பது? ஓடிக்கொண்டே இருக்கிறது." — ஆன் ஆர்பர் மாணவர்

தம்பி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வை. உறைபெட்டியில் வைத்துவிடாதே. வெளியே எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டால் அரை நிமிடம், ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் போதும். வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால் ஓட்டின் பளபளப்பு அடங்கி, கோடும் குழியும் தெரியும். மேலேயிருந்து ஒன்று, தலையைப் பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கப் போட்டு ஒன்று. பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் கட்டாயம், நாணயம் வேண்டாம்.

எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம், எங்கே கிடைத்தது என்பது. "மிச்சிகன்" என்று எழுதினால் போதாது. ஆற்றிலிருந்து எத்தனை அடி, மணலா சேறா கூழாங்கல்லா, நிழலா வெயிலா, கல்லுக்கு அடியிலா இலைக்குப்பையிலா. ஈரமணலில் வளை தோண்டி வாழ்கிற டிஸ்கீரியஸ் கூழாங்கல் கரையில் இருக்காது. பார்த்தால் எறும்பு போல இடை சிறுத்து, நடுக்கவசம் (தலைக்கும் முதுகு ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு) உருண்டை மணியாக, முன்கால் மண்வெட்டியாக இருக்கும். இரவில் டார்ச்சோடு மணல் கரைக்குப் போனால் லேடிபக் மாதிரி உருண்டையாக, மஞ்சளில் பச்சைக் கோலம் போட்ட ஓமோஃப்ரான் ஓடும். பகலில் போனால் அதே கரையில் ஒன்றுகூடக் கிடைக்காது, எல்லாம் மணலுக்குள். சேற்றுக்கரையில் வெயிலில் ஓடுகிற, புலி வண்டின் சின்னத் தம்பி மாதிரிக் கண் துருத்திய ஒன்று இருந்தால், முதுகில் கோடு இருக்கிறதா என்று பார். கோட்டுக்குப் பதில் கண் கண்ணாக வட்டப் பொட்டுகள் இருந்தால் எலாஃப்ரஸ். காட்டுச் சருகில் பகலில் ஓடுகிற, தலையில் பாதி கண்ணாகவே இருக்கிற, நெற்றியில் சீப்பால் இழுத்த மாதிரி வரிவரியாகப் பள்ளமுள்ள செம்பு நிறத்துப் பொடியன் நோடியோஃபிலஸ். அவ்வளவு பெரிய கண் எதற்கு என்றால், துள்ளிக் குதித்துத் தப்பிக்கிற வால்தெறிப்பான் பூச்சியைப் பார்த்துப் பாய்ந்து பிடிப்பதற்கு.

"வர்ஜீனியாவில் ஆற்றோரக் கல்லைப் புரட்டினேன். ஒரு வண்டு 'பட்'டென்று சத்தத்தோடு புகை விட்டது. விரல் சுட்டது, பழுப்புக் கறை இரண்டு நாளாகப் போகவில்லை. ஆபத்தா?" — ரிச்மண்ட் வாசகர்

ஆபத்தில்லை, ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அது பிராக்கினஸ், குண்டு போடுகிற வண்டு. தலையும் நடுக்கவசமும் காலும் செங்காவி, முதுகு ஓடு நீலக்கருப்பு, பின்பக்கம் நேராக வெட்டிவிட்ட மாதிரி. வயிற்றுக்குள் ஒரு பையில் ஹைட்ரோகுயினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து வைத்திருக்கும், பக்கத்து அறையில் நொதிகள். ஆபத்து வந்தால் முதல் பையைப் பிழிந்து நொதி அறைக்குள் விடும், உடனே கொதித்து, கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பீய்ச்சியடிக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் இதைப் பல காலம் ஆராய்ந்து படமும் எடுத்தவர். விரலில் இருப்பது குயினோன் கறை, தோல் உரிகிறபோது போய்விடும்.

எந்தச் சிற்றினம் என்றும் கேட்டிருந்தீர்கள். மன்னிக்கவும். இந்தப் பேரினத்தில் எல்லோரும் ஒரே சீருடை. நிபுணர்களே ஆண் வண்டின் உள்ளுறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள், படத்தில் முழுப்பெயர் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். இதே நிறத்தில் இரண்டு மடங்கு பெரிதாக, கழுத்து நீண்ட ஒன்று பார்த்தால் அது கலெரிட்டா. அது சுடாது, ஃபார்மிக் அமிலத்தைத் தெளிக்கும். அதுவும் எரியத்தான் எரியும்.

"வாசல் விளக்கில் தினம் ராத்திரி நூற்றுக்கணக்கில் செம்பழுப்பு வண்டு, கதவிடுக்கு வழியாக உள்ளேயும் வருகிறது. கரப்பான் குஞ்சா, மூட்டைப்பூச்சியா?" — இல்லினாய் வாசகி

இரண்டுமில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். மூட்டைப்பூச்சி பறக்காது, கரப்பான் குஞ்சுக்கு இறக்கையே கிடையாது. நீங்கள் இருக்கும் ஊரைச் சுற்றி மக்காச்சோளக் காடு, படத்தில் ஆறு மில்லிமீட்டர், ஆரஞ்சுப் பழுப்பு, முதுகு நடுவில் கருப்புப் பட்டை, கண்ணோரம் ஒற்றை முடி. ஸ்டெனோலோஃபஸ், அநேகமாக லெகோன்டெய். விதைச்சோள வண்டு என்று விவசாயிகள் சொல்வார்கள். குளிரும் ஈரமுமான வசந்தத்தில் விதை முளைக்கத் தாமதமானால் மண்ணுக்குள் இருக்கும் விதையை இது குடையும், மற்றபடி பெரிய தொந்தரவு இல்லை. வீட்டுக்குள் குஞ்சு பொரிக்காது, ஒன்றிரண்டு நாளில் காய்ந்து செத்துப்போகும். விளக்கை அணையுங்கள், அல்லது மஞ்சள் பல்பு மாற்றுங்கள், காலையில் பெருக்கித் தள்ளுங்கள்.

லெகோன்டெய் என்ற பெயரை அமெரிக்க வண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். ஜான் லெகோன்ட் ஒரு மருத்துவர், 1825 முதல் 1883 வரை வாழ்ந்தவர், உள்நாட்டுப் போரிலும் மருத்துவராக வேலை பார்த்தவர், வண்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தவர். அவர் சேகரிப்பு இப்போது ஹார்வர்டில் இருக்கிறது. அவருக்கு அப்புறம் வந்த தாமஸ் கேசி ராணுவப் பொறியாளர். அவர் கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் புதுச் சிற்றினம்தான். அவர் வைத்த பெயர்களில் ஏகப்பட்டவற்றைப் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று சேர்க்க வேண்டியதாயிற்று. பேரினத்தோடு நிறுத்துகிறீர்களே என்று என்னைக் கோபித்துக்கொள்கிறவர்கள் கேசியை நினைத்துப் பார்க்கலாம்.

"கென்டக்கி மாமத் குகைக்குப் போயிருந்தோம். மணல் தரையில் சிவப்பெறும்பு மாதிரி ஓடியது, வழிகாட்டி அதை வண்டு என்றார். கண்ணே காணோமே?" — நாஷ்வில் வாசகர்

கண் இல்லாததுதான் அதன் அடையாளம். பெயர் நீயாஃபினாப்ஸ். குகை வெட்டுக்கிளி மணலில் புதைத்து வைக்கும் முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்கிற தரை வண்டு அது. டிரெக்கஸ் வகையறா, முடியெல்லாம் நீளநீளமாக இருக்கும், இருட்டில் வேறென்ன துணை. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில் சூடனாஃப்தால்மஸ் என்று இன்னொரு குருட்டுப் பேரினமும் உண்டு, அதில் நூற்றுக்கு மேல் சிற்றினங்கள், சிலவற்றுக்கு ஒரே ஒரு குகைதான் சொந்த ஊர். தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, படம் மட்டும் போதும்.

"நியூஃபவுண்ட்லாந்தில் படிக்கிறேன். எந்த வண்டை அடையாளம் பார்த்தாலும் ஐரோப்பிய வண்டாகவே வருகிறது. நான் தப்புச் செய்கிறேனா?" — செயின்ட் ஜான்ஸ் மாணவி

இல்லை, நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். இந்தக் கேள்வியைச் சுவீடன்காரர் கார்ல் லிண்ட்ராத் பல வருடங்களுக்கு முன்பே கையில் எடுத்தார். காட் மீன் ஏற்றப் போன கப்பல்கள் இங்கிலாந்தின் தென்மேற்குத் துறைமுகங்களிலிருந்து சரக்கில்லாமல் கிளம்பும்போது, கப்பல் ஆடாமலிருக்கக் கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போயின. போய்ச் சேர்ந்ததும் அதை அங்கேயே கரையில் கொட்டிவிட்டு மீனை ஏற்றிக்கொண்டன. அந்த மண்ணோடு வண்டும் வந்தது. லிண்ட்ராத் சும்மா ஊகிக்கவில்லை, இங்கிலாந்தில் அந்த மண் அள்ளிய இடங்களுக்கே போய் என்ன வண்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் 1957இல் எழுதினார். பார்த்தால் மண் தோண்டுகிற, முன்கால் பல்பல்லாக இருக்கிற, இடை சிறுத்த கிளைவினா ஃபாஸர் கிடைத்திருக்குமே, அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியதுதான். அப்புறம், அவரே 1961 முதல் 1969 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்த கனடா, அலாஸ்கா தரை வண்டு நூல் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா பாருங்கள். படிக்க வறட்டுத்தனமாக இருக்கும், ஆனால் உங்கள் ஊருக்கு இன்றைக்கும் அதுதான் கைவிளக்கு. டெக்சாஸ்காரர்கள் அதை வாங்கிவிட்டு என்னைத் திட்ட வேண்டாம், அவ்வளவு தெற்கே அது வராது.

"நீங்கள் சொன்னபடி எண்ணினேன். இடது கண்ணோரம் இரண்டு முடி, வலது கண்ணோரம் ஒன்று. இப்போது நான் என்ன செய்ய?" — மிசிசாகா வாசகர்

வலப்பக்கம் இன்னொரு முடி உடைந்து போயிருக்கும் ஐயா. கல்லுக்கு அடியில் வாழ்கிற பிழைப்பு, முடி நிற்காது. முடி போனாலும் அது முளைத்த குழி போகாது. விளக்கைச் சாய்த்து அந்தக் குழியைத் தேடுங்கள், இருந்தால் இரண்டு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். குழியும் இல்லையென்றால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இடது பக்கத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அது பஞ்சு நூலாக இருந்தது.